முப்பத்தைந்து நிமிடச் செங்கிஸ்கான்

எங்கள் காரில் பேசக்கூடாத விடயம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது முன்சீட்டு அண்ணையின் மகன். அரசியல் பேசலாம், கோயில் நிர்வாகத்தைக் கிழிகிழி என்று கிழிக்கலாம், மெஸ்டர் என்று நாங்கள் சொல்லும் மேற்பார்வையாளரை வாயில் வந்தபடி ஏசலாம். அந்த மகனைப் பற்றி மட்டும் மூச்சு விடக்கூடாது.

டென்மார்க்கின் ஹொல்ஸ்டெப்ரோ நகரிலிருந்து நாங்கள் வேலை செய்யும் யன்னல் தொழிற்சாலைக்கு முப்பத்தைந்து நிமிட ஓட்டம். கார் என்னுடையது. முன்சீட்டில் அண்ணை இருப்பார். என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர், யாழ்ப்பாணத்தில் எனக்குப் பக்கத்து ஊர், கண்ணாடி பொருத்தும் பகுதியில் இருபது வருடத்துக்கு மேல் நிற்பவர். பின்சீட்டில் மட்டக்களப்புத் தம்பி. தம்பி என்று நான் கூப்பிட்டாலும் ஆள் நாற்பதைத் தாண்டியவர், மூன்று பிள்ளைகளின் தகப்பன். மதியச் சாப்பாட்டுப் பெட்டியைப் பாதி வழியிலேயே திறந்துவிடும் பழக்கம் அவருக்கு. காலை ஆறு மணிக்கு என் காருக்குள் கருவாட்டுப் பொரியல் மணக்கும். அதற்காக நான் அவரோடு சண்டை பிடித்ததும் உண்டு, அவர் நீட்டிய துண்டை வாங்கித் தின்றதும் உண்டு.

மகன் விவகாரம் இதுதான். போன வருடம் அண்ணைக்கு அறுபது. இந்த நாட்டில் பூச்சியத்தில் முடிகிற பிறந்தநாள் என்றால் டேனிஷ்காரரே மண்டபம் எடுத்துவிடுவார்கள், நாங்கள் விடுவோமா? இருநூறு பேர், மூன்றடுக்குக் கேக், வாசலில் அண்ணையின் ஆளுயரப் படம். ஒரே மகன் டோஸ்ட்ருப்பில் இருக்கிறான், ரயிலில் நாலு மணித்தியாலம். அன்று காலையில் அவன் தாய்க்கு ஃபோன் எடுத்து, தனக்கு முப்பத்தொன்பது பாகை காய்ச்சல், கட்டிலை விட்டு எழும்ப முடியவில்லை என்றான். அண்ணை மேடையில் ஏறி அதைச் சொல்லி, பிள்ளைக்காக ஒரு நிமிடம் எல்லோரும் கடவுளை நினையுங்கள் என்று கேட்டார். இருநூறு பேரும் நினைத்தோம். பிறகு சாப்பாட்டு வரிசையில், டோஸ்ட்ருப்பிலிருந்து வந்திருந்த ஒருவர் கையில் கட்லட்டோடு அண்ணையிடம் சொன்னார்:

"உங்கடை மகனோ? விடிய நான் வெளிக்கிடேக்கை ஏரிக்கரையிலை ஓடிக்கொண்டு நிண்டவர். நல்ல சுகமாய்த்தான் இருக்கிறார்."

அன்றோடு தகப்பனுக்கும் மகனுக்கும் பேச்சு நின்றது. ஒன்பது மாதம். ஒருநாள் தம்பி வெள்ளை மனதோடு, "மகன் சுகமா இரிக்காரா அண்ணன்?" என்று கேட்டுவிட்டார். அண்ணை "நிப்பாட்டு" என்றார். நிறுத்தினேன். இரண்டு பக்கமும் வெறும் வயல், நடுவில் ஒரு பஸ் தரிப்பிடம், மழை வேறு. இறங்கிக் கதவைச் சாத்திவிட்டுப் போய் அதற்குள் நின்றுகொண்டார். வேலைக்கு முக்கால் மணித்தியாலம் பிந்தி, பஸ்ஸில் வந்து சேர்ந்தார். இருபது வருடத்தில் அவர் பிந்தியது அன்றுதான்.

அதற்குப் பிறகு காருக்குள் யாருமே எதுவும் பேசவில்லை. வானொலியைப் போட்டால் அண்ணை நிறுத்திவிடுவார். மழைதுடைப்பானின் சத்தம், தம்பியின் மெல்லும் சத்தம், இரண்டும்தான். எனக்கு மௌனம் ஆகாது. பேசாமல் இருக்கச் சொன்னால் எனக்கு வயிற்றில் வாயு பிடிக்கும் என்று மனைவி சொல்வாள்; அது உண்மைதான். இதற்குள் அண்ணையின் மனைவி, நான் அக்கா என்று கூப்பிடுகிறவர், தமிழ்க் கடையில் வெங்காயம் பொறுக்கிக்கொண்டிருந்த என்னைப் பிடித்தார்.

"நீ கதைச்சால் கேப்பார். தகப்பனும் மகனும் ஆளோடை ஆள் கதைக்கினமில்லை, ஆனால் அவர் சாப்பிட்டவரோ எண்டு அவன் என்னட்டைக் கேக்கிறான், அவன் சாப்பிட்டவனோ எண்டு இவர் கேக்கிறார். நான் என்ன ரெஸ்ரோறண்டே நடத்துறன்?"

பார்க்கிறேன் அக்கா என்று சொல்லிவிட்டு நழுவினேன். பஸ் தரிப்பிடத்தில் இறங்கிப் போகிற மனிதரிடம் எதைக் கதைப்பது?

அந்த நாட்களில் நான் நூலகத்திலிருந்து இரவல் எடுத்த ஒரு டேனிஷ் ஒலிநூலைக் கேட்டுக்கொண்டிருந்தேன். மாலையில் பாத்திரம் கழுவுவது வீட்டில் என் பங்கு. கழுவும்போது காதில் மாட்டிக்கொள்வேன். மங்கோலியச் சக்கரவர்த்தி செங்கிஸ்கானின் வாழ்க்கையும் படையெடுப்புகளும். ஏன் அதை எடுத்தேன் என்று கேட்டால், பட்டியலில் அதுதான் இரவலுக்குக் கிடைத்தது. சமையல் நூல் கிடைத்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

ஒருநாள் காலை ஒரு உழவு இயந்திரத்துக்குப் பின்னால் மாட்டிக்கொண்டோம். முந்த வழியில்லை. மௌனம் தாங்காமல் வாயில் வந்ததைச் சொன்னேன்:

"அண்ணை, செங்கிஸ்கானுக்குச் சின்ன வயசிலை நாய்க்குப் பயமாம்."

அண்ணை பல நாளைக்குப் பிறகு என் பக்கம் திரும்பினார்.

"ஆருக்கு?"

"செங்கிஸ்கானுக்கு. பாதி உலகத்தைப் பிடிச்ச ஆளுக்கு. பொம்பிளை வீட்டிலை பெடியனை விட்டிட்டு வரேக்கை, 'இவன் நாய்க்குப் பயம், கொஞ்சம் பாத்துக்கொள்ளுங்கோ' எண்டு தகப்பன் சொல்லிப்போட்டு வந்தவராம்."

"பொம்பிளை வீட்டிலையோ? எத்தினை வயசு?"

"ஒன்பது."

"ஒன்பது வயசிலை கலியாணமோ!" என்றார் அண்ணை. பின்சீட்டில் மெல்லும் சத்தம் நின்றது.

"பேச்சுக்கால் மட்டும்தான் அண்ணை. திரும்பி வாற வழியிலை தகப்பன் ஒரு விருந்துக்குப் போய்ச் சாப்பிட்டவர். பழைய பகையாளியள். சாப்பாட்டிலை நஞ்சு கலந்து குடுத்திட்டாங்கள். வீட்டை வந்து செத்துப்போனார்."

"மறுகா?" என்றார் தம்பி. மட்டக்களப்பில் 'பிறகு' என்பதற்கு அப்படித்தான் சொல்வார்கள். அந்த ஒரு சொல் பின்சீட்டிலிருந்து வந்தால் கதை சொல்லுகிறவனுக்கு வேறு சம்பளம் வேண்டாம்.

தொழிற்சாலை வாசல் வந்துவிட்டது. தகப்பனைப் புதைத்ததோடு வண்டியை நிறுத்தினேன். மதிய இடைவேளையில் அண்ணை என்னைத் தேடி மரம் அறுக்கும் பகுதிவரை வந்தார். தகப்பன் செத்த பிறகு அந்தக் குடும்பத்தை யார் பார்த்தது என்று கேட்டார். நாளைக்குச் சொல்கிறேன் என்றேன். மெஸ்டர் எங்களைப் பார்த்து ஏதும் பிரச்சினையா என்று கேட்டார். ஒரு குடும்ப விடயம் என்றார் அண்ணை.

அப்படித்தான் தொடங்கியது. தினமும் முப்பத்தைந்து நிமிடம். நான் இரவில் எத்தனை பாத்திரம் கழுவுகிறேனோ அவ்வளவு கதை மறுநாள் ஓடும். கழுவப் பாத்திரம் போதாமல் சுத்தமான பாத்திரங்களையும் எடுத்துக் கழுவினேன். மனைவி முதலில் சந்தோஷப்பட்டாள், பிறகு சந்தேகப்பட்டாள்.

பெயர்கள்தான் பெரும்பாடு. மங்கோலியப் பெயரை டேனிஷ்காரர் ஒரு விதமாகச் சொல்ல, அதை நான் வேறு விதமாக விளங்கிச் சொல்ல, மூன்றாம் நாளே தம்பி கும்பிட்டார். "அண்ணன், பேர் வேணாம். முறையச் சொல்லுங்க. ஆருக்கு ஆர் என்ன முறை?" அதுதான் எங்கள் ஆட்களுக்கு விளங்குகிற சரித்திரம். பிறகு எல்லாம் சுலபமாகிவிட்டது. கானின் தாய், கானின் மனைவி, மூத்த மகன், இரண்டாவது மகன், கூடாத கூட்டாளி. கூடாத கூட்டாளி என்பது சின்ன வயதில் கையைக் கீறி இரத்தம் கலந்து சகோதரனாக இருப்போம் என்று சத்தியம் பண்ணிவிட்டுப் பிறகு எதிர்ப்படையில் போய் நின்றவர். அண்ணை அவரைக் கோயில் நிர்வாகத்தில் உள்ள ஒருவரோடு உடனடியாக ஒப்பிட்டார். அந்த ஒப்பீட்டை இங்கே எழுத முடியாது.

தகப்பன் போனதும் இனசனம் அந்தக் குடும்பத்தை நட்டாற்றில் விட்டுவிட்டுக் கூடாரத்தைக் கழற்றிக்கொண்டு போனதைச் சொன்னபோது அண்ணைக்குக் கண் சிவந்தது. தாய்க்காரி ஆற்றங்கரையில் கிழங்கும் காட்டுப்பழமும் தோண்டியும் ஆய்ந்தும் பிள்ளைகளை வளர்த்ததைச் சொன்னேன். "மனிசி எண்டால் அது மனிசி" என்றார். பிறகு கான் வளர்ந்து, பேசி வைத்த பெண்ணையே போய்க் கட்டினார். பெண் வீட்டார் கறுப்பு நிறத்தில் விலை உயர்ந்த மென்மயிர் அங்கி ஒன்று கொடுத்து அனுப்பினார்கள். அதைக் கான் தான் போடாமல், தகப்பனின் பழைய கூட்டாளியான ஒரு பெரிய அரசனிடம் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டார் என்றேன்.

காருக்குள் ஒரு அதிர்ச்சி.

"சீதனத்தையோ?" என்றார் அண்ணை.

"ஓம்."

"பொம்பிளை கொண்டுவந்த சாமானைத் தூக்கி வேறை ஆருக்கோ குடுத்தவனோ? மனிசி ஒண்டும் கேக்கேல்லையோ?"

"அந்த அங்கியாலைதான் அண்ணை அந்தப் பெரிய அரசன் இவரின்ரை பக்கம் வந்தவர். பிறகு பகையாளியள் மனிசியைத் தூக்கிக்கொண்டு போகேக்கை, அந்த அரசன்தான் படை குடுத்தவர்."

அண்ணை விரல்விட்டு எண்ணினார். "அப்ப சீதனத்தைக் குடுத்து மனிசியை மீட்டவன். சரி. கணக்குச் சரி." தம்பிக்கு மட்டும் அங்கி திரும்பி வந்ததா என்ற கவலை தீரவே இல்லை.

மூத்த மகனின் கதை அதற்கு அடுத்த நாள் வந்தது. மனைவி மீட்கப்பட்டு வந்து அதிக நாள் ஆகவில்லை, பிள்ளை பிறக்கிறது. ஊரில் வாய் சும்மா இருக்குமா? பகையாளியின் பிள்ளையாக இருக்கலாம் என்று ஆளுக்கு ஆள் குசுகுசுத்தார்கள். கான் ஒருவர் சொல்லையும் காதில் போடவில்லை. என் மூத்த மகன் என்றார், அவ்வளவுதான். பிறகு ஒரு காலத்தில் இரண்டாவது மகனே சபை நடுவில் அதைச் சொல்லிக் காட்டியபோதும் அவனைத்தான் கண்டித்தார்.

இதைச் சொல்லும்போது ஒரு கண்ணால் கதவுப் பிடியைப் பார்த்துக்கொண்டேன். தம்பி அன்று கேட்டதற்குப் பிறகு ஒரு மகனைப் பற்றி இவ்வளவு பேச்சு அந்தக் காருக்குள் வந்ததில்லை. அண்ணை முன் கண்ணாடியைப் பார்த்தபடி இருந்தார்.

"ஊர்க்கதை கேளாத மனிசன்" என்றார் கடைசியில். "அது பெரிய குணம்."

அந்த நாளிலிருந்து அண்ணை கானின் கட்சி. கான் ஒரு நகரத்தைப் பிடித்தால் அண்ணைக்குத்தான் முதுகு நிமிரும். பத்துப் பேருக்கு ஒரு தலைவன், நூறு பேருக்கு ஒரு தலைவன், ஆயிரம் பேருக்கு ஒரு தலைவன் என்று படையைப் பிரித்த விதத்தைக் கேட்டுவிட்டு, கண்ணாடிப் பகுதியையும் அப்படிப் பிரித்தால் வேலை ஓடும் என்று மெஸ்டரிடம் சொல்லியிருக்கிறார். யாருடைய யோசனை என்று மெஸ்டர் கேட்டாராம். தெரிந்த ஒருவர், பெரிய நிர்வாகி என்று சொன்னாராம். மூடுபனி படிந்த பக்கக் கண்ணாடியில் விரலால் வரைபடம் போட்டு, பாலைவனம் எந்தப் பக்கம், புகாரா எந்தப் பக்கம் என்று என்னைக் கேட்பார். கடக்கவே முடியாது என்று எல்லோரும் நினைத்திருந்த பாலைவனத்தைக் கடந்து, நகரத்துக்குப் பின்னால் போய்க் கான் நின்றார் என்றதும் அந்தக் கண்ணாடியைத் தட்டி ஆர்ப்பரித்தார். அங்கே தலைகள் உருண்ட கணக்கை நான் சொன்னேன்தான். அதைக் கேட்டுத் தம்பி சிலுவை போட்டுக்கொண்டார். அண்ணை, "அது பிழைதான்" என்று ஒரு நொடி தலை குனிந்துவிட்டு, "பிறகு எங்கை போனவர்?" என்றார்.

நானும் சந்தோஷமாகத்தான் இருந்தேன். அக்கா கேட்டதைச் செய்யவில்லை என்றாலும், மனிதர் பேசுகிறார், சிரிக்கிறார், பஸ் தரிப்பிடத்தில் இறங்குவதில்லை. என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன். குதிரை, வில், பாலைவனம். இதைவிடப் பாதுகாப்பான கதை உண்டா?

அப்படியிருக்கும்போது ஒரு புதன்கிழமை மாலை, பிரஷர் குக்கரைத் தேய்த்துக்கொண்டிருக்கையில், காதுக்குள் மூத்த மகனின் முடிவு வந்தது. நான் கையைத் தண்ணீருக்குக் கீழே பிடித்தபடி நின்றுவிட்டேன். மனைவி வந்து குழாயை மூடினாள்.

"ஏன் தண்ணியைத் திறந்துபோட்டு நிக்கிறியள்? ஆருக்கும் ஏதுமோ?"

"செங்கிஸ்கான்ரை மகனுக்கு" என்றேன்.

அவள் என் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள்.

அந்த முடிவை எப்படி அண்ணையிடம் சொல்வது? இதை வேண்டுமென்று எடுத்து வைத்துக் குத்துகிறேன் என்றுதான் நினைப்பார். ஒரு மாதமாகப் பாலைவனத்தைச் சுற்றிக்காட்டிவிட்டு இதற்குத்தான் கூட்டி வந்தாயா என்று கேட்பார். போதாததற்கு அது சாவில் முடிகிறது. பிள்ளையோடு பேசாமல் இருக்கிற தகப்பனிடம் போய்ச் சொல்லுகிற கதையா அது? சொன்னால் மனிதர் என்னோடும் பேச்சை விட்டுவிடுவார், மகனோடு எப்போதாவது பேசியிருக்கக்கூடிய வாய்ப்பும் போய்விடும் என்று பயந்தேன். ஆகவே நான் செய்தது, கோழைகள் எல்லோரும் செய்வது. கதையை இழுத்தேன்.

வியாழக்கிழமை கான் சமர்கண்டைப் பிடித்தார். வெள்ளிக்கிழமை சமர்கண்டின் தெற்கு வாசலைப் பிடித்தார். திங்கட்கிழமை வடக்கு வாசல். செவ்வாய்க்கிழமை, நூலில் எங்குமே இல்லாத ஒரு நகரத்தை நானாகக் கட்டி, மதில் எழுப்பி, அதைப் பிடிக்க வைத்தேன். புதன்கிழமை குதிரைகளுக்கு வருத்தம் வந்தது. வியாழக்கிழமை பெருமழை.

"அண்ணன்" என்றார் தம்பி பின்னாலிருந்து, "கிழமையெல்லாம் ஒரே ஊரைத்தானே பிடிக்காரு? விட்டுப்போட்டு விட்டுப்போட்டுப் பிடிக்காரா?"

"பெரிய நகரம் தம்பி. ஒரே நாளிலை ஏலுமே?"

"எனக்கு என்னவோ நீங்க கிறுக்கிக் கிறுக்கி ஓட்டுற மாதிரி இருக்கு" என்றார். கிறுக்கி என்றால் திருப்பி. அவர் பெட்டியை மூடியே வைத்திருந்தார் என்பதைக் கண்ணாடியில் பார்த்தேன். விடயம் பாரதூரமாகிவிட்டது என்று அதிலிருந்தே தெரிந்தது.

அண்ணை சுற்றுவட்டத்தில் நான் காரைத் திருப்பும்வரை பொறுத்திருந்துவிட்டுக் கேட்டார்.

"மூத்தவன் எங்கை?"

"என்ன அண்ணை?"

"கான்ரை மூத்தவன். கன நாளாய்க் கதையிலை காணேல்லை. எல்லா நகரத்துக்கும் மற்ற பெடியள்தான் வாறாங்கள்."

"அவர் வடக்கிலை அண்ணை. அவருக்கெண்டு குடுத்த நாடு. கொஞ்சம் தூரம்."

"தகப்பனைப் பாக்க வாறேல்லையோ?"

எங்கள் காரின் பின்கதவுகளுக்குப் பிள்ளைப் பூட்டு உண்டு. முன்கதவுக்கு இல்லை. அதைத்தான் அந்த நேரம் நினைத்தேன். பொய் சொல்லலாம், வந்தார், கட்டிப்பிடித்தார்கள், ஆடு அடித்தார்கள் என்று முடித்துவிடலாம். நாக்கின் நுனிவரை வந்தது. ஆனால் ஒரு நகரத்தைக் கட்டியதற்கே தம்பியிடம் பிடிபட்டவன் நான். ஒரு மகனைக் கட்டி எழுப்ப என்னால் முடியாது.

"தகப்பன் வரச் சொல்லி ஆள் அனுப்பினவர் அண்ணை" என்றேன். "தனக்கு வருத்தம், எழும்ப ஏலாது, வர முடியேல்லை எண்டு மகன் சொல்லியனுப்பினவர்."

அண்ணையின் கை கதவுப் பிடியின் பக்கம் இருந்தது. நான் வேகத்தைக் குறைத்தேன்.

"பிறகு அந்தப் பக்கமிருந்து ஒரு ஆள் வந்தவன். சும்மா வழிப்போக்கன். மகன் எப்பிடி இருக்கிறான் எண்டு கான் கேட்டவர். நல்ல சுகம், வேட்டையாடிக்கொண்டு நிண்டவர், நான் என்ரை கண்ணாலை கண்டனான் எண்டிட்டான்."

தம்பி இரண்டு முன்சீட்டுக்கும் நடுவே தலையை நீட்டினார்.

"கானுக்குக் கோபம் வந்திட்டுது. எனக்குப் பொய் சொல்லிப்போட்டானோ எண்டு, மகனுக்கு மேலை படை எடுத்தவர். மற்ற ரெண்டு மகன்மாரையும் முன்னுக்கு அனுப்பிப்போட்டுத் தானும் வெளிக்கிட நிண்டவர். அதுக்குள்ளை செய்தி வந்திட்டுது. மகன் செத்துப்போனார். உண்மையாய்த்தான் வருத்தம். வேட்டையாடினது மகன்ரை ஆக்கள். தூரத்திலை பாத்திட்டு அந்த மனிசன் மாறிச் சொல்லிப்போட்டான்."

அந்தப் பஸ் தரிப்பிடம் வந்தது. கடந்தது. அண்ணை நிறுத்தச் சொல்லவில்லை.

"கான் என்ன செய்தவர்?" என்றார்.

"அழுதவராம். பிறகு அந்த ஆளைப் பிடிச்சுக்கொண்டு வரச்சொல்லித் தேடினவர். அகப்படேல்லை."

தொழிற்சாலையின் வாகனத் தரிப்பிடத்தில் காரை நிறுத்தினேன். தம்பி இறங்காமல் இருந்தார். அண்ணையும் இறங்கவில்லை. மெஸ்டர் எங்களைக் கடந்து போகும்போது கையைக் காட்டினார். ஒருவரும் திருப்பிக் காட்டவில்லை.

"மனிசி விசயத்திலை, பிள்ளை பிறந்த விசயத்திலை, உலகமே கதைக்கேக்கை ஒருத்தன்ரை கதையும் கேளாத மனிசன்" என்றார் அண்ணை. "கடைசியிலை றோட்டாலை போன ஒருத்தன்ரை கதையைக் கேட்டவனோ?"

அவர் கதவைத் திறந்து இறங்கி, கண்ணாடிப் பகுதியின் வாசலை நோக்கி நடந்தார். மாலை திரும்பி வந்து இறங்கும்போது மட்டும், "நாளைக்கு நான் வரேல்லை, லீவு" என்றார்.

வெள்ளிக்கிழமை முன்சீட்டில் யாரும் இல்லை. என் வாயை நானே திட்டிக்கொண்டேன். தம்பி ஆறுதலாக ஒரு கருவாட்டுத் துண்டை நீட்டினார்; வேண்டாம் என்றேன். சனி ஞாயிறு அக்காவுக்கு ஃபோன் எடுக்க மூன்று முறை கையில் எடுத்து வைத்தேன். எடுத்தால் என்ன கேட்பது? உங்கள் கணவரைச் செங்கிஸ்கானால் கொன்றுவிட்டேனா என்றா? மனைவியிடம் எல்லாம் சொன்னபோது, "உங்களுக்கு ஒலிநூல் எடுக்கிறதெண்டால் சமையல் எடுக்கத் தெரியாதோ" என்றாள்.

திங்கட்கிழமை காலை அண்ணை வழக்கமான இடத்தில் நின்றார். ஏறினார். பெல்ட் போட்டார். நான் வாய் திறப்பதாக இல்லை. ஊர் எல்லை தாண்டியதும் அவரே தொடங்கினார்.

"டோஸ்ட்ருப்புக்குப் போயிட்டு வந்தனான்."

காரைத் தெருவோரம் நிறுத்தவா என்று நினைத்தேன். "அக்காவோடையோ?"

"தனிய. கூட்டிக்கொண்டு போனால் படை மாதிரி இருக்கும்." கையால் முழங்காலைத் தேய்த்தார். "வெள்ளிக்கிழமை பின்னேரம் போய்ச் சேந்தனான். அவன்ரை வீட்டை ரெண்டு தரம் சுத்தினன். மணி அடிக்க மனம் வரேல்லை. மூண்டாம் தரம் வரேக்கை கதவு திறந்துது. வெளியாலை வாறான். என்ன உடுப்போடை சொல்லு?"

"என்ன உடுப்பு அண்ணை?"

"ஓடுற உடுப்பு. ஓடுற சப்பாத்து."

"மறுகா?" என்றார் தம்பி.

"என்னைக் கண்டவுடனை விறைச்சுப்போனான். நானும்தான். பிறகு அவன் ஏரிப் பக்கம் நடக்க, நான் பின்னாலை. அங்கை ஆக்கள் இருக்கிறதுக்கு ஒரு வாங்கு. நான் இருந்திட்டன். அவனுக்கு நிண்டு கதைக்க ஏலேல்லைப் போலை, ஓடத் தொடங்கிட்டான். ஏரியைச் சுத்தி வட்டம். நான் பாத்துக்கொண்டு இருக்கிறன். முதல் வட்டம் முடிச்சு எனக்குக் கிட்ட வந்தவன், நிக்காமல் சொல்லிக்கொண்டு போறான், 'அப்பா, அண்டைக்கு எனக்குக் காய்ச்சல் இல்லை.'"

நான் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்தேன்.

"அடுத்த வட்டம் வர ஏழெட்டு நிமிசம். அவ்வளவு நேரமும் நான் அதையே யோசிச்சுக்கொண்டு இருக்கிறன், பொய்தான் சொன்னவன், அந்தக் கட்லட்காரன் சரியாய்த்தான் கண்டிருக்கிறான் எண்டு. திரும்பி வாறான். 'அதுக்கு முதல் கிழமை வேலை போயிட்டுதப்பா' எண்டுகொண்டு போறான். மூண்டாம் வட்டம், 'அந்த மண்டபத்திலை இருநூறு பேரும் எங்கை வேலை எண்டு கேப்பினம், நீங்கள் பக்கத்திலை நிப்பியள்' எண்டான். எல்லாம் டேனிஷிலைதான். அவனுக்குத் தமிழிலை இப்பிடியான கதை வராது."

"நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

"நானோ? எனக்கு அவன் வந்து போற அந்த ரெண்டு செக்கன்தானே. நாலாம் வட்டம் வரேக்கை, 'சாப்பிட்டனியோ' எண்டு கேட்டன். நிண்டிட்டான்."

சுற்றுவட்டம் வந்தது. நான் வெளியேறும் வழியை விட்டுவிட்டு இன்னொரு முறை சுற்றினேன். எனக்குக் கண் கலங்கித் தெருவே தெரியவில்லை, மறைக்கவும் தோன்றவில்லை.

"இப்ப வேறை வேலை கிடைச்சிட்டுது" என்றார் அண்ணை. "சனி ஞாயிறு அங்கைதான் நிண்டனான். சோறு காய்ச்சினவன், அவிஞ்சு குழைஞ்சுபோச்சு, திண்டன். ஆனால் பொய்க்காரன். எனக்கு அது இன்னும் கோபம்தான். அவனுக்கும் சொன்னனான்."

பக்கக் கண்ணாடியில் படிந்திருந்த பனியைக் கையால் துடைத்தார்.

"கான்ரை மகன் உண்மை சொன்னவன், செத்துப்போனான். என்ரை மகன் பொய் சொன்னவன், ஏரியைச் சுத்தி ஓடுறான்" என்றார். "அந்த வாங்கிலை இருக்கேக்கை எனக்குக் கான்ரை நினைவுதான் வந்தது. அவருக்கு இப்பிடி ஒரு பொய் கிடைச்சிருந்தால் பிடிச்ச நகரம் எல்லாத்தையும் திருப்பிக் குடுத்திருப்பார்."